அரசியல் பணியில் முதற் சம்பளம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, வேலையைப் பற்றிப் பேசுமாறு குழுவினர் எங்களைப் பணித்திருக்கின்றனர். சங்க நூலகத்தில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் நால்வர் அமர்ந்து, படிப்பு முடித்த நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுத உதவுவதும், வந்த நியமனக் கடிதத்தைப் படித்துப் பொருள் கூறுவதும் தாங்கள் அறிந்ததே. வங்கித் தேர்வும், இரயில்வேத் தேர்வும், பணியாளர் தேர்வாணையமுமே பல ஆண்டுகள் எங்கள் மேசையை நிறைத்திருந்தன. அண்மைக் காலத்தில் வேறு வகைக் கடிதங்களும் வரத் தொடங்கியுள்ளன. 'நாடாளுமன்ற உறுப்பினரின் உதவியாளர்' என்கிறது ஒன்று. 'பிரசார அலுவலர்' என்கிறது மற்றொன்று. 'இணையச் செய்தித் தளத்தின் உதவி ஆசிரியர்' என்கிறது வேறொன்று. அரசியல் கொள்கைகளுக்காக வாதாடுவதும், அவ்வாதத்தை இணையத்தின் வழியே மக்களிடம் கொண்டு செல்லுவதுமே பிழைப்பாக அமைந்த வேலைகள் இவை. ஆங்கிலத்தில் இதனை 'அட்வகசி' என்று அழைக்கின்றனர்.

பிள்ளை கடிதத்தைக் கொண்டுவந்த மறு வாரமே பெற்றோர் வந்துவிடுகின்றனர். இது கட்சி வேலையா? போலீசு வீட்டுக்கு வருமா? என் உத்தியோகத்துக்கு இடையூறு நேருமா? சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் என்ன வேலை என்று சொல்லுவது? இந்நான்கும் அவர்கள் தவறாது கேட்கும் கேள்விகள். நான்காவது கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. ஏனைய மூன்றுக்கும் ஓரளவு உண்டு.

முதற்கண், இவ்வேலை நம்மவர்க்குப் புதிதன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். 1878-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் முத்துசாமி ஐயர் நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது, ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் அதனைக் குறை கூறி எழுதின. மறுத்து எழுதுவதற்கு நம் பக்கத்தில் ஏடு இல்லை. திருவல்லிக்கேணியில் அறுவர் கூடினர். இருவர் ஆசிரியத் தொழிலர், நால்வர் சட்டம் பயின்ற மாணவர். கடன் வாங்கிய ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவில் எண்பது படிகள் அச்சிட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 20 அன்று 'தி ஹிந்து' என்னும் வார ஏட்டை வெளியிட்டனர். அவர்களுள் ஒருவரான சுப்பிரமணிய ஐயர்க்கு அப்போது வயது இருபத்து மூன்று. ஒரு கோரிக்கை முதலில் பிறந்தது. அதனைச் சொல்ல ஏடு பின்னர்ப் பிறந்தது. இன்று ஓர் இளைஞர் குழு ஒரு குறைக்காகக் குரல் எழுப்ப எண்ணி, ஒரு கைப்பேசியும் ஒரு யூடியூப் வாயிலும் கொண்டு தொடங்குவதற்கும் இதற்கும் கருவியில் வேற்றுமையே அன்றிக் கருத்தில் வேற்றுமை காண்கிலோம். அதே சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தொடங்கிய 'சுதேசமித்திர'னில்தான், 1904-ஆம் ஆண்டின் இறுதியில், மதுரையில் சில மாதத் தமிழாசிரியப் பணியை விடுத்து வந்த பாரதி உதவி ஆசிரியராக அமர்ந்தார். ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது அவருக்கு வாய்த்த பெரும் பணி. இன்று இணையத் தளங்களில் சேரும் நம் பிள்ளைகளுக்கு முதலில் கிடைப்பதும் மொழிபெயர்ப்பே. அதனைச் சிலர் இழிவாக நினைக்கின்றனர், நினைக்க வேண்டியதில்லை. வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்ந்த பிள்ளைக்கு இத்தொழிலில் கையிலிருக்கும் முதல், அம்மூன்று மொழிகளே.

இனி, அன்றாடம் அவர்கள் செய்வது யாது? நாடாளுமன்ற உறுப்பினரின் உதவியாளரை எடுத்துக்கொள்வோம். மக்களவையில் கேள்வி நேரம் உள்ள நாளொன்றுக்கு வாய்மொழி விடைக்கு 20 கேள்விகளும், எழுத்து விடைக்கு 230 கேள்விகளும் பட்டியலிடப்படுகின்றன. குறைந்தது பதினைந்து நாள் முன்பே அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். பல உறுப்பினர்க்கு ஆராய்ச்சிக்கென்று தனியே ஆள் இல்லை. இக்குறையை நோக்கி, 2005-இல் தொடங்கப்பெற்ற பி.ஆர்.எஸ். சட்டமன்ற ஆராய்ச்சி நிறுவனம், 2010 முதல் ஒவ்வோர் ஆண்டும் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஓர் உறுப்பினர்க்கு ஒருவராக ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அமர்த்தி வருகிறது. மசோதாவைப் படித்துச் சுருக்குதல், பழைய விடைகளைத் தேடி எடுத்தல், நிலைக்குழு அறிக்கையில் தொகுதிக்கு வேண்டியதைக் குறித்தல், பேச்சுக்குக் குறிப்பு எழுதுதல் ஆகியன அவ்விளைஞரின் பணிகள். இரவு பதினொரு மணிக்கு எழுதிக் கொடுத்த குறிப்பு மறுநாள் அவையில் பேசப்படாமலே போவதும் உண்டு. அவை ஒத்திவைக்கப்பட்டால் ஒரு வார உழைப்பு காற்றில் போகும்.

பயனும் மெல்லத்தான் வரும். திருச்சி சிவா அவர்கள் தனி உறுப்பினராகக் கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று நிறைவேற்றியது. தனி உறுப்பினர் மசோதா ஒன்று கடைசியாகச் சட்டமானது 1970-ஆம் ஆண்டில். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மேலவையில் ஒன்று நிறைவேறியது என்று நாடே வியந்தது. ஆயினும் அது மக்களவையைக் கடந்து சட்டமாகவில்லை; அரசே கொண்டுவந்த வேறு மசோதாதான் 2019-இல் சட்டமாயிற்று. அதன் விதிகள் போதா என்று கூறுவோர் இன்றும் உளர். இவ்வேலையில் சேரும் பிள்ளையிடம், ஆறு மாதத்தில் என்ன சாதித்தாய் என்று வினவுகின்ற பெரியோர் இந்தக் கணக்கை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இரண்டாவது வகை, ஒரு கோரிக்கைக்காக மக்களைத் திரட்டும் அமைப்புகள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015 மார்ச்சு 27 அன்று ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டு, பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. இணையத்தில் எல்லாத் தளங்களும் ஒரே வேகத்தில், ஒரே கட்டணத்தில் கிடைக்க வேண்டுமா என்பதே அதன் உட்பொருள். நூறு பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கை; இருபது வினாக்கள். சாதாரணக் குடிமகன் இதனைப் படித்து விடை எழுதுவானா? இளைஞர் சிலர் கூடி வினாக்களை எளிய நடையில் விளக்கி, மாதிரி விடைகளை எழுதி, எவரும் திருத்தி அனுப்பத்தக்க வகையில் இணையத்தில் வைத்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் ஆணையத்துக்குச் சென்றன. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்து வேறுபட்ட கட்டணம் விதிப்பதைத் தடை செய்து ஆணையம் விதி வகுத்தது. சட்டம் அறிந்தோரும், கணிப்பொறி அறிந்தோரும், மக்களுக்குப் புரியும்படி எழுத அறிந்தோரும் ஒன்றுபட்டமையால் விளைந்த வெற்றி அது. இதில் மறைக்கலாகாத ஒரு செய்தியும் உண்டு. வந்த கருத்துகளை ஆணையம் வெளியிட்டபோது, அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்தே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டன. மக்களின் பெயரையும் முகவரியையும் திரட்டும் வேலையில் அமர்கின்றவர், அப்பட்டியல் தம் கையில் இருக்கும் பிறர் பொருள் என்பதை முதல் நாளே உணர்ந்திருக்க வேண்டும்.

காணொளி ஒன்று இரவோடு இரவாக நீதியைக் கொணர்ந்துவிடும் என்று நம் இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். கொடைக்கானல் செய்தியை அவர்கட்கு நாங்கள் சொல்லுவது வழக்கம். அங்கே இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலையினின்று பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடைக்கு வந்து கிடந்தது 2001-இல் வெளிப்பட்டது. தொழிற்சாலையும் அவ்வாண்டே மூடப்பட்டது. 2015 சூலை இறுதியில் சென்னைப் பாடகி சோபியா அஷ்ரப் பாடிய காணொளி உலகமெங்கும் பரவியது. 2016 மார்ச்சில், முன்னாள் தொழிலாளர் 591 பேர் தொடர்பாக உடன்பாடு ஏற்பட்டது. காணொளி வெளிவந்த எட்டாம் மாதத்தில் வெற்றி என்று இதனைச் சொல்லுவோர், அதற்கு முன் கழிந்த பதினான்கு ஆண்டுகளை விட்டுவிடுகின்றனர். அவ்வாண்டுகளில் தொழிலாளர் சங்கத்தார் மருத்துவச் சான்றுகளைச் சேர்த்து வைத்தனர். நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கினர். கோப்பு இல்லாதிருந்தால் பாட்டுக்குப் பின் என்ன பேசியிருக்க முடியும்?

கோப்பைப் பற்றிப் பேசும்போது அருணா ராய் அம்மையாரைக் குறிப்பிடாமல் இருத்தல் இயலாது. 1946-இல் சென்னையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, டெல்லியில் வளர்ந்து படித்தவர். நம் குடியிருப்புப் பிள்ளைகளின் வரலாறே அவர் வரலாறும். 1968-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, ஏழாண்டுகள் கழித்து அதனைத் துறந்து, இராஜஸ்தான் கிராமங்களுக்குச் சென்றார். நம்மில் எத்தனை வீடுகளில் அத்தகைய மகளை வாயிற்படியைத் தாண்ட விட்டிருப்போம்? 1990-இல் அவரும் தோழர்களும் அமைத்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், கூலிப் பட்டியலைக் காட்டு என்று கேட்டது. பெரிய தத்துவம் எதனையும் கேட்கவில்லை. 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் அமர்ந்து கேட்டனர். அக்கேள்வி வளர்ந்து வளர்ந்து 2005-இல் தகவல் பெறும் உரிமைச் சட்டமாக உருவெடுத்தது. நடுவண் அரசு அலுவலகத்தில் பத்து ரூபாய்க் கட்டணம் செலுத்தி, முப்பது நாளில் விடை எதிர்பார்க்கும் உரிமையை அது குடிமகனுக்குத் தந்தது. இணைய ஏட்டில் சேரும் பிள்ளை முதற் கற்க வேண்டிய கருவி அவ்விண்ணப்பமே. ஒளிப்படக் கருவியைப் பிறகு கற்கலாம்.

போலீசு அச்சத்துக்கு வருவோம். இல்லாத ஒன்றை அஞ்சுகின்றனர் என்று நாங்கள் சொல்லத் துணியோம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-இல் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 66-ஏ பிரிவு, பிறர்க்கு எரிச்சலூட்டும் செய்தியை அனுப்பினாலே மூன்றாண்டுச் சிறை என்றது. 2012 நவம்பரில் மகாராட்டிர மாநிலம் பால்கரில் முகநூற் பதிவு ஒன்றுக்காக இளம் பெண்கள் இருவர் கைது செய்யப்பட்டனர். ஒருவர் எழுதியவர், மற்றவர் அதனை விரும்பியதாகக் குறியிட்டவர். ஷ்ரேயா சிங்கால் என்னும் சட்ட மாணவி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2015 மார்ச்சு 24 அன்று அப்பிரிவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. செல்லாத பிரிவிலும் பல மாநிலங்களில் தொடர்ந்து வழக்குகள் பதிவானமையால், 2022 அக்டோபரில் நீதிமன்றம் மீண்டும் தலையிட வேண்டியதாயிற்று. வேறு பிரிவுகளும் சட்டப் புத்தகத்தில் உள்ளன. ஆகவே, ஒரு பிள்ளையிடம் நாங்கள் கேட்பது இதுதான்: உன் நிறுவனத்திற்கு வழக்கறிஞர் உண்டா? உன் எழுத்துக்கு வழக்கு வந்தால் செலவை ஏற்பவர் யார்? இதற்கு நேரான விடை தராத இடத்தில் சேராதே என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம்.

இனி, நம் குடியிருப்பில் பலருக்கும் தூக்கம் கெடுக்கும் கேள்வி. தகப்பனார் நடுவண் அரசு ஊழியர். மகனோ மகளோ அரசைக் கேள்வி கேட்கும் ஏட்டில் வேலை. இதனால் உத்தியோகத்துக்கு ஆபத்தா? ஊர் வாயில் கேட்டதை நம்பாமல் 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளை எடுத்து உடன் வைத்துப் படித்தோம். ஐந்தாம் விதி, அரசு ஊழியர் எந்த அரசியற் கட்சியிலும் உறுப்பினராதல் கூடாது என்கிறது. அது ஊழியரைப் பற்றியது. அதே விதியின் அடுத்த பகுதி குடும்பத்தாரைத் தொடுகிறது: சட்டப்படி அமைந்த அரசைக் கவிழ்க்கும் நோக்கமுடைய இயக்கத்தில் குடும்பத்தார் சேராமல் தடுக்க ஊழியர் முயல வேண்டும், இயலாவிடில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த வாக்கியத்தைத்தான் பாதி கேட்டுப் பலர் நடுங்குகின்றனர். ஒரு மசோதாவைத் திருத்து என்று கேட்பதும், ஓர் அமைச்சகத்தின் கணக்கைக் காட்டு என்று எழுதுவதும் அரசைக் கவிழ்ப்பதாகா. அன்றியும், குடும்பத்தார் என்பதற்கு அவ்விதிகளே தரும் பொருள் வேறு. தம் காலில் நின்று பிழைக்கும் மகனும் மகளும் அச்சொல்லில் அடங்கார். முதற் சம்பளம் வாங்கிய பிள்ளையின் அரசியலுக்குத் தகப்பனார் பொறுப்பாளி அல்லர் என்பதே அதன் கருத்து. இதனை அறிந்தவுடன் ஒரு நண்பர் பெருமூச்சு விட்டு, "அப்படியானால் அவன் சீக்கிரம் சம்பாதிப்பது எனக்குத்தான் நல்லது" என்றார்.

ஆனால் விதி வேறு வாயில்களைக் காக்கிறது. அவற்றைப் பெற்றோர் அறியாதிருத்தலே உண்மையான ஆபத்து. எட்டாம் விதிப்படி, முன் அனுமதியின்றி ஓர் ஏட்டையோ மின்னணு ஊடகத்தையோ முழுமையாகவோ பகுதியாகவோ உடைமையாகக் கொள்வதும், அதன் ஆசிரியப் பணியிலும் நிருவாகத்திலும் பங்கு பெறுவதும் ஊழியர்க்குத் தடை. பிள்ளை தோழர்களோடு இணையத் தளம் தொடங்கும்போது, பங்குதாரர் பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது என்று அப்பாவின் பெயரை எழுதிவிடுகின்றனர். வேண்டாம். அரசுக் குடியிருப்பின் முகவரியை நிறுவனத்தின் பதிவு முகவரியாகக் கொடுத்துவிடுகின்றனர். அதுவும் வேண்டாம், வசிக்கத் தந்த வீடு அலுவலகமாகக் கணக்கில் ஏறினால் ஒதுக்கீட்டுக்கே கேடு வரும்.

எல்லாவற்றினும் நுட்பமானது இரவு உணவு நேரம். பதினோராம் விதி, அலுவலகத் தாள்களையும் செய்திகளையும் அனுமதியின்றி வெளியிடலாகாது என்கிறது. 1923-ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டமும் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக, சாப்பிடும்போது அன்றைய கோப்பைப் பற்றிப் புலம்புவது நம் வீட்டுத் தந்தையரின் உரிமை. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்ததால்தானே இப்பிள்ளைகளுக்கு அரசாங்கம் எப்படி நடக்கிறது என்பது தெரிந்தது! ஆயினும் எதிரில் அமர்ந்திருப்பவர் இப்போது ஒரு செய்தியாளர். எங்களுக்குத் தெரிந்த வீடொன்றில் தந்தையும் மகளும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். தந்தையின் அமைச்சகத்தைப் பற்றி மகள் எழுதுவதில்லை; தன் ஆசிரியரிடம் சேர்ந்த அன்றே அதனைச் சொல்லிவிட்டாள். தந்தை கோப்புக்குப் பதில் கிரிக்கெட்டைப் பற்றிப் புலம்புகிறார். வீட்டில் அமைதி நிலவுகிறது. கிரிக்கெட்டு புரியாத தாயார்க்குத்தான் பொழுது போகவில்லை என்று கேள்வி.

நியமனக் கடிதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 'ஆலோசகர்' என்று எழுதி, பதினொரு மாத ஒப்பந்தம் தந்து, பத்து விழுக்காடு வரி பிடித்துக்கொண்டு, சேமநல நிதியும் விடுப்பும் இல்லாமல், காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை வேலை வாங்கும் இடங்கள் பல. முழுநேர வேலை என்று பிள்ளை மகிழ்ந்திருக்கிறான். தாளோ அவனைத் தொழிலாளியாகவே ஒப்பவில்லை. 1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் அச்சு ஏடுகளை மனத்திற் கொண்டு எழுந்தது. இணைய ஏட்டார் அதன் நிழலுக்கு வெளியே நின்றனர். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் மின்னணு ஊடகத்தாரும் எண்மிய ஊடகத்தாரும் பத்திரிகையாளர் என்னும் சொல்லுக்குள் சேர்க்கப்பட்டுள்ளனர். நியமனக் கடிதம் தருதலும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆகையால் கடிதம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. கொள்கைக்காக உழைக்கும் இடத்தில் கடிதம் கேட்பது நன்றாயிருக்குமா என்று ஒரு தங்கை எங்களிடம் வினவினாள். தொழிலாளர் உரிமையைப் பற்றிக் கட்டுரை வெளியிடும் தளம் அது. அங்கேயே கேட்காவிடில் வேறெங்கே அம்மா கேட்பாய் என்றோம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டறிய வேண்டும். சந்தாவா, விளம்பரமா, நன்கொடையா, கட்சியா? அயல்நாட்டு நன்கொடை முறைப்படுத்தும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், செய்தி ஏடுகளும் அரசியல் தன்மை வாய்ந்த அமைப்புகளும் அயல்நாட்டு நன்கொடை பெறுதலைத் தடுக்கிறது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம், பிற அமைப்புகள் அந்நன்கொடையில் நிருவாகத்துக்குச் செலவிடத்தக்க பங்கை ஐம்பது விழுக்காட்டினின்று இருபதாகக் குறைத்தது. பெரும்பாலான சம்பளம் அந்தப் பங்கினின்றே வருவது. உரிமம் போனால் மறு மாதம் சம்பளம் போகும். இதனை அறிந்து சேர்வது ஒன்று. அறியாது சேர்ந்து தவிப்பது வேறொன்று. தேர்தற் காலத்துக்கென்று ஆள் எடுக்கும் ஆலோசனை நிறுவனங்களைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. அது அறுவடை வேலை; அறுவடை முடிந்தால் களம் காலி.

மற்றொரு செய்தி. 1908-இல் 'இந்தியா' வார ஏட்டின் மீது அரசு வழக்குத் தொடுத்தபோது, எழுத்தெல்லாம் பாரதியுடையதாக இருந்தும், சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் என்பவரே கைதாகித் தண்டனை பெற்றார். பாரதி புதுச்சேரி சேர்ந்தார். வரலாற்றில் சீனிவாசனை நினைப்பவர் எத்தனை பேர்? இந்தப் பழங் கதைக்கும் இன்றைக்கும் தொடர்பு இருக்கிறது. 2021 பிப்ரவரியில் வெளியான இணைய ஊடக விதிகளின்படி, ஒவ்வொரு செய்தித் தளமும் இந்தியாவில் வசிக்கும் ஒரு குறை தீர்க்கும் அலுவலரை அமர்த்தி, அவர் பெயரையும் தொடர்பு முகவரியையும் தளத்திலே வெளியிட வேண்டும். வந்த முறையீட்டைப் பதினைந்து நாளில் முடிவு செய்ய வேண்டும். சிறு தளங்கள் சில, நேற்றுச் சேர்ந்த பிள்ளையின் பெயரை அவ்விடத்தில் எழுதிவிடுகின்றன. பெரிய பதவி கிடைத்தது என்று அவன் வீட்டுக்குச் செய்தி அனுப்புகிறான். எதை வெளியிடுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் இல்லாதவன், வெளியானதற்கு முகமாக நிற்கிறான். அதிகாரம் தராத இடத்தில் பெயரைத் தராதே என்பது எங்கள் கருத்து. அவ்வாறே, தன் சொந்தக் கைப்பேசி எண்ணைப் போராட்டச் சுவரொட்டியில் அச்சிட விடுவதும், நிறுவனத்தின் பக்கத்தைத் தன் சொந்தக் கணக்கிலிருந்து நடத்துவதும் பின்னாளில் பெருந் தொல்லை தரும். வேலையை விட்டு ஈராண்டு கழிந்த பின்னும் நள்ளிரவில் வசவுத் தொலைபேசி வரும் ஒரு தம்பி நம் குடியிருப்பிலேயே இருக்கிறான்.

வசவு என்றோம். பெண் பிள்ளைகளைப் பெற்றோர் இதனைக் கேட்க வேண்டும். ஆண் எழுதினால் கருத்தைத் தாக்குகின்றனர். பெண் எழுதினால் உடலையும் குடும்பத்தையும் தாக்குகின்றனர். பெயரில்லாத கணக்குகளினின்று வரும் சொற்கள் அச்சேறத் தக்கன அல்ல. அதனைப் படித்த தாயார், வேலையை விடு என்கிறார். மகளைத் தாக்கியவனுக்கு அதுவே வேண்டியது. அவளுக்குத் தேவை வேறு: வசவுகளைப் படம் பிடித்து நாளும் நேரமும் குறித்துச் சேர்த்து வைக்க ஒருவர், வரம்பு மீறினால் காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவுக்குக் கூட வர ஒருவர். அண்ணனோ, சித்தப்பாவோ, எங்களில் ஒருவரோ வரலாம். அந்தப் பின்னூட்டங்களைப் பெற்றோர் படிக்காதிருத்தலும் ஓர் உதவி.

இறுதியாக, பெற்றோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் ஒரு விண்ணப்பம். நாடாளுமன்ற உறுப்பினரிடம் பிள்ளை உதவியாளராகச் சேர்ந்த செய்தி பரவியவுடன் மாடிப்படியில் வரிசை நிற்கத் தொடங்கிவிடுகிறது. கேந்திரிய வித்தியாலயத்தில் இடம் வாங்கித் தா என்கின்றனர். உறுப்பினர்க்கு இருந்த அந்த ஒதுக்கீடு 2022-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இடமாற்றத்தை நிறுத்த ஒரு கடிதம் வாங்கித் தா என்கின்றனர். பணி தொடர்பான செய்திகளில் அரசியற் செல்வாக்கைக் கொண்டு மேலதிகாரியை நெருக்குவதை நடத்தை விதிகளின் இருபதாம் விதி தடுக்கிறது. அக்கடிதம் கேட்பவரின் பணிப் பதிவேட்டில்தான் கறையாய்ச் சேரும். மாதம் முழுதும் மசோதாவைப் படிக்க வந்த பிள்ளையைச் சிபாரிசுக் கடிதம் எழுதுபவனாக ஆக்கிவிட்டோமானால், அவனுடைய உறுப்பினரும் அவனை அவ்வாறே நடத்தத் தொடங்குவார். ஒரு தம்பிக்கு இது நேர்ந்தது. மூன்றாம் மாதம் அவன் கையில் மசோதா இல்லை, மனுக்களே இருந்தன.

இடமாற்றத்துக்குக் கடிதம் வேண்டுவோர் எவரேனும் இவ்வவையில் இருப்பின், தம் துறை மேலாளருக்கே முறைப்படி விண்ணப்பம் எழுதலாம். அதனைப் பிழையறத் திருத்தித் தர நாங்கள் காத்திருக்கிறோம்.  அடுத்து நடைபெறவுள்ள சிறுவர் நாடகத்துக்கு இடையூறாகாமல் விடைபெறுகிறோம்.